முல்லைத்தீவுக் கடலில் பறவைப் படத்துக்கு ஒரு படகு

முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழில் செய்யும் ஒருவர், தொழிலுக்குப் போகாத நாட்களில், பறவைப் படம் எடுக்க விரும்புகிறவர்களைத் தமது படகில் ஏற்றிச் செல்கிறார். அவரிடம் பெயர்ப்பலகையும் இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. வலை இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அறியாத இலக்கங்களிலிருந்து தொலைபேசி அடிப்பது பிடிக்காது என்பதால், தமது பெயரை எழுதவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கும் அவர் அண்ணையாகவே இருப்பார். கடந்த மாசியிலும் பங்குனியிலும் மூன்று தடவை அவரோடு கடலுக்குப் போனேன். முதல் பயணம் ஏறத்தாழ வீண். மற்ற இரண்டும், பத்து வருடமாகக் கரையில் நின்றும் குளக்கட்டில் படுத்தும் பறவைகளைப் படமெடுத்து வந்த எனக்கு அதுவரை கிடைக்காத படங்களைத் தந்தன. மூன்றுக்கும் படகு ஒன்று, கமரா ஒன்று, ஓட்டியவரும் ஒருவரே. எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், படகைப் பறவைக்கு எந்தப் பக்கம் நிறுத்தினோம் என்பவையும் லென்ஸும் மட்டுமே மாறின. அதனால் இந்த மதிப்புரையிலும் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

வவுனியாவிலிருந்து வருபவர்கள் ஏ9 வீதியில் மாங்குளம் வந்து, ஒட்டுசுட்டான் ஊடாகக் கிழக்கே திரும்பினால் அங்கிருந்து சுமார் 50 கிலோமீற்றரில் முல்லைத்தீவை அடையலாம். கிளிநொச்சிப் பக்கத்தவர்களுக்குப் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு ஊடாக வரும் ஏ35 வீதி வசதியானது. எப்படி வந்தாலும் முதல்நாள் இரவே வந்து தங்கிவிட வேண்டும், ஏனெனில் காலை ஐந்தே முக்காலுக்குப் படகு தண்ணீரில் இருக்கவேண்டும்.

படகு, இந்தக் கரையில் எல்லோரும் 'பிளாஸ்ரிக் போட்' என்று சொல்லும் கண்ணாடியிழைப் படகுதான். பதினெட்டரை அடி நீளம், பின்னால் 25 குதிரைவலு இயந்திரம். அண்ணை இயந்திரத்தின் கைபிடியைப் பிடித்தபடி பின்னால் இருப்பார்; இருபது வயது மதிக்கத்தக்க அவருடைய மகன் படகின் முன்முனையான அணியத்தில் நின்று பார்த்துச் சொல்வான். படமெடுப்பவர்கள் இருவருக்கு மேல் ஏற்றமாட்டார். மூன்றாமவர் ஏறினால் ஒருவருடைய லென்ஸுக்குள் மற்றவருடைய தலை வரும் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு கிடைத்த படகை 2009இல் விட்டுவிட்டு வந்ததாகவும், இது பின்னர் கடன்பட்டு வாங்கியது என்றும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் பயணத்தை நான் தங்கிய விடுதி மூலமாக ஒழுங்கு செய்தேன், அதுதான் பிழை. ஞாயிற்றுக்கிழமை காலை 5.30க்குப் படகு தயாராக இருக்கும் என்று விடுதிக்காரர் உறுதி சொன்னார். நான் இருட்டோடு கரைக்குப் போய் நின்றபோது படகு இருந்தது, ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் தொழிலுக்குப் போவதில்லை என்பது உண்மை. ஏன் போவதில்லை என்பதை விடுதிக்காரர் எண்ணிப்பார்க்கவில்லை. திருப்பலி முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சேட்டை மாற்றிக்கொண்டு அண்ணை வந்து சேர்ந்தபோது மணி 7.40. "எட்டு மணிக்கெண்டுதானே தம்பி எனக்குச் சொன்னவை" என்றார். நான் விடுதியில் கட்டிய 20,000 ரூபாவில் அவர் கைக்குப் போனது 12,000 என்பதும் அன்று கடலில் வைத்துத்தான் தெரியவந்தது. இடையில் யாரையும் வைக்காமல் கரைக்குப் போய் அவரோடு நேரே பேசுங்கள் என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இருந்தாலும் அன்றைய தோல்வியில் பாதி என்னுடையது. நாங்கள் பறவைகளை எட்டியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஆலா என்னும் மீன்பிடிக் கடற்பறவைகளின் செட்டைக்கு மேற்புறம் வெள்ளை வெளேரென்று பொசுங்க, கீழ்ப்புறம் சாம்பலாக இருண்டு கிடந்தது. பிந்திவிட்ட பதற்றத்தில் நான், பறவை தெரிந்த இடமெல்லாம் நேரே விடச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தேன். அவரும் மறுக்காமல் விட்டார். படகு நெருங்க நெருங்கப் பறவைகள் திரும்பிப் பறந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் எழுநூற்றுச் சொச்சம் படங்களில் ஒரு கண் தெளிவாகத் தெரிந்தவை பதினொன்று. மற்றவை எல்லாம் வாலும் முதுகும். கரைக்குத் திரும்பும் வழியில் அவர் ஒரேயொரு கருத்துத்தான் சொன்னார்: "கலைச்சுக்கொண்டு போனா வால்தானே தம்பி தெரியும். அடுத்த முறை என்ரை போக்கில விடுங்கோ."

அடுத்த முறை அவர் போக்கில் விட்டேன். மாசியின் கடைசிக் கிழமை, ஒரு புதன்கிழமை, 5.45க்குக் கரையை விட்டோம். கிழக்கு வெளுத்துக்கொண்டிருக்க, வழியில் தெரிந்த பறவை எதையும் கவனிக்காமல் நேரே வெளியே ஓடி, கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றரில் படகைத் திருப்பி, கரையைப் பார்த்தபடி இயந்திரத்தை அடக்கினார். நந்திக்கடலின் முகத்துவாரத்துக்கு முன்னால், களப்பிலிருந்து வந்த கலங்கல் தண்ணீரும் கடலின் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோடு அங்கே கண்ணுக்குத் தெரியும். சிறு மீன்கள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கும், அவற்றுக்காக ஆலாக்களும் அதன்மேல்தான் பறக்கும். இப்போது பறவைகள் எங்களுக்கும் கரைக்கும் நடுவில், சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால்.

அவர் செய்தது என்னவென்று எனக்குப் புரிய ஒரு மணித்தியாலம் சென்றது. பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். ஓரிடத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கவேண்டுமானாலும் முகத்தைக் காற்றுக்குத்தான் கொடுக்கும். காற்று வரும் பக்கத்தில் கமரா இருந்தால் பறவையின் முகம் கிடைக்கும், வெயிலும் அதே பக்கத்திலிருந்து வந்தால் அந்த முகத்தில் வெளிச்சமும் இருக்கும். முல்லைத்தீவுக் கரைக்குக் கடல் வடகிழக்கே கிடக்கிறது. மாசியில் வாடைக்காற்று தணிந்து, ஆனால் முற்றாக விட்டுப் போகாமல், அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக வருகிறது. காலைச் சூரியனும் கடலிலிருந்தே எழுகிறது. கடற்பக்கமாகப் போய் நின்றுகொண்டு கரையைப் பார்த்துப் படமெடுக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாக வாய்க்கின்றன. இத்தனை வருடம் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்த என் காலைப் படங்களில் பறவைகள் ஏன் கரிய நிழல்களாகவே விழுந்தன என்பதற்கு விளக்கம் இவ்வளவு எளிமையாக இருந்தது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இதனால் இந்தச் சேவையை எந்த மாதத்தில் நாடுவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. மார்கழியிலும் தையின் முற்பாதியிலும் வாடை பலமாக அடிக்கும், கடல் கொந்தளிக்கும். எவ்வளவு கொடுத்தாலும் அவர் வரமாட்டார், வரச்சொல்லிக் கேட்கவும் கூடாது. வைகாசிக்குப் பின் சோளகக் காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால், காலையில் காற்று ஒரு பக்கமும் வெயில் மறுபக்கமுமாகப் பிரிந்துவிடும். சோளகம் பலமாக வீசும் நாளில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, கரைக்கும் பறவைக்கும் நடுவில் படகை நிறுத்தினால் மறுபடி இரண்டும் ஒருபக்கப்படும். ஆனால் குளிர்காலத்துக்கு வந்த கடற்காகங்கள் (gulls) அப்போது வடக்கே போய்விட்டிருக்கும், ஆலாக்கள்தான் மிஞ்சும். அந்த மாதங்களில் சின்ன ஆலாக்கள் களப்பு வாய்களின் மணல்திட்டிகளில் வெறும் மணலைக் கிண்டி முட்டையிடுகின்றன. நாயாற்றுப் பக்கம் அப்படியொரு திட்டியில் இறக்கிவிடும்படி யாரோ கேட்டதற்குத் தாம் மறுத்துவிட்டதாக அண்ணை சொன்னார். முட்டையும் மணலும் ஒரே நிறம், காலடி வைக்கும்வரை தெரியாது என்பதை மகன் கைவிரல்களால் முட்டையின் அளவைக் காட்டி விளக்கினான்.

மாசி நடுப்பகுதியிலிருந்து பங்குனி முடிவு வரை என்பது என் முடிவு. வலசை வந்த பழுப்புத்தலைக் கடற்காகங்கள் மாசியில் குளிர்காலத் தோற்றத்தில், காதருகே ஒரு கரும்பொட்டோடு மட்டும் இருக்கும்; மத்திய ஆசிய மேட்டுநிலங்களுக்குத் திரும்பிப் போகுமுன் பங்குனியில் தலை முழுவதும் காப்பிக்கொட்டை நிறம் ஏறியிருக்கும். இரண்டு தோற்றத்தையும் ஒரே பருவத்தில் எடுக்கலாம் என்பதற்காகவே நான் மூன்றாம் தடவை போனேன்.

பறவையைப் படிப்பதில் அண்ணைக்கு இருக்கும் திறமை, மீனைத் தேடிப் பழகியதால் வந்தது. பறந்துபோகும் ஆலா ஒன்றின் அலகு நேரே முன்னோக்கி இருந்தால் அவர் தலையைக்கூடத் திருப்பமாட்டார். அது எங்கோ போகிறது. அலகு தண்ணீரைப் பார்த்துக் கீழே வளைந்திருந்தால் அது வேலையில் இருக்கிறது என்று பொருள், படகு அந்தப் பக்கம் மெல்ல நகரும். அருகில் போனதும் கியரை விடுவித்துவிடுவார். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுக்கம் பலகை வழியாக இடுப்புக்கும், இடுப்பிலிருந்து கைக்கும் ஏறும். கியர் விட்டதும் அது பெருமளவு குறையும். பின்னர் காற்றுப் படகை மெதுவாகப் பறவைகளிடம் தள்ளிக்கொண்டு போகும். காற்று வரும் பக்கத்தில் நின்றுகொண்டு மிதந்து நெருங்கும் படகுக்கு ஆலாக்கள் விலகுவதேயில்லை.

அப்படி மிதந்துகொண்டிருந்த ஒரு வேளையில் மகன் அணியத்திலிருந்து என்னைப் பார்த்து, "அண்ணை, வலப்பக்கம், மேல, நிக்குது" என்றான். பெரிய கொண்டை ஆலா ஒன்று, தண்ணீரிலிருந்து ஐந்தாறு மீற்றர் உயரத்தில், செட்டையை அடித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றது. மஞ்சள் அலகு நேரே கீழே. நெற்றியில் வெள்ளைக்கோடு, அதற்குப் பின்னால் காற்றில் சிலிர்த்த கருங்கொண்டை. தாவுவதற்கு முந்திய கணத்தில் அது வாலை விரித்து, தலையைச் சற்று இடப்பக்கம் சரித்தது. அதைத்தான் சமிக்ஞையாகக் கொள்ளவேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். செட்டையை அரைவாசி மடித்து விழுந்தது. நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கமராவில் விழும் பறவை ஒரு சில சட்டகங்களில் மட்டுமே இருக்கிறது, அடுத்ததில் தண்ணீர் மட்டும்தான். பெரும்பாலானோர், நானும் உட்பட, அந்த இடத்தில் விரலை எடுத்துவிடுவோம். "விடாதேங்கோ, எழும்பும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எழும்பியது, அலகின் குறுக்கே ஒரு சூடை மீனோடு. இரண்டு மீற்றர் உயர்ந்ததும், பறந்தபடியே, நனைந்த நாய் உதறுவதுபோல் தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு. அந்தச் சட்டகத்தில் பறவையைச் சுற்றித் தண்ணீர்த்துளிகள் ஒரு வளையமாக நிற்கின்றன. மீனின் கண்ணும் தெரிகிறது. படகிலிருந்து பன்னிரண்டு மீற்றர் தூரம் இருக்கலாம். ஆலாக்கள் மூழ்கி எழுந்ததும் உதறும் என்பது தெரிந்த விடயந்தான். அது எந்த உயரத்தில் நடக்கும் என்று தெரிந்து, கமராவை அங்கே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்ல ஒருவர் படகில் இருப்பதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

கடற்காகங்களுக்கு அவருடைய முறை வேறு. அவை படகின் சுவட்டைத் தொடர்ந்து தாமாகவே வரும். ஒன்று பக்கத்தில் வந்ததும் அதே வேகத்துக்கு இயந்திரத்தைக் கூட்டி, அதன் போக்குக்குச் சமாந்தரமாக ஓடுவார். பறவையும் படகும் ஒரே வேகத்தில் போகும்போது அது சட்டகத்தின் நடுவில் அசையாமல் தொங்குவதுபோல் இருக்கும், பின்னால் கடல் மட்டும் கோடுகளாக ஓடும். பழுப்புத்தலைக் கடற்காகத்தின் வெளிறிய கண்ணையும், செட்டை நுனியின் கருமைக்குள் இருக்கும் வெள்ளைப் பொட்டையும் இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. மூன்றாம் பயணத்தில், என் வற்புறுத்தலால், ஆழ்கடல் பறவை ஏதும் கிடைக்குமா என்று ஒன்பது பத்துக் கிலோமீற்றர் வெளியே போனோம். ஒன்றுமில்லை. எரிபொருள்தான் போனது.

மகன் முதல் பயணத்திலேயே மீன்குடலை ஒரு வாளியில் கொண்டுவந்திருந்தான், எறிந்தால் குருவிகள் கூடும் என்று. ஒருமுறை எறிந்தும் பார்த்தான். முப்பது கடற்காகங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. சட்டகத்தில் செட்டையும் கால்களும் பாதித் தலைகளும் மட்டுமே. உயிருள்ள மீனைப் பிடித்து உண்ணும் ஆலாக்கள் அந்த வாளியைத் திரும்பியும் பார்க்கவில்லை, கடற்காகக் கூட்டத்தின் இரைச்சலில் தூர விலகித்தான் போயின. அதனால் இது பறவைக்கும் நல்லதல்ல, படத்துக்கும் உதவாது என்பது என் எண்ணம். அடுத்த பயணங்களில் வேண்டாம் என்றேன், வாளி வரவில்லை. விரும்புகிறவர்கள் கேட்டால் இன்னும் வரும் என்றுதான் நினைக்கிறேன், கேட்காதீர்கள்.

கமராவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் முதல் பயணத்தில் நான் கொண்டுபோனது பிழையான லென்ஸ். என்னிடம் இருப்பது நிக்கோன் டி500. அதற்கு 200-500 மில்லிமீற்றர் எஃப்/5.6 லென்ஸைப் பூட்டிக்கொண்டு போனேன். கரையில் அது எனக்கு மிகவும் விருப்பமான லென்ஸ், ஆனால் 2.3 கிலோகிராம் எடை. கடலில் கமராவை நாள் முழுவதும் கையில்தான் ஏந்தவேண்டும். முக்காலியை வைத்தால் படகின் நடுக்கம் முழுவதும் அதன் கால்வழியே லென்ஸுக்கு ஏறும். ஒற்றைக்காலியும் அப்படித்தான், நான் சுமந்துபோனதை விரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். அரை மணித்தியாலத்தில் தோள் சோர்ந்துவிட்டது. இரண்டாம், மூன்றாம் பயணங்களுக்கு நண்பர் ஒருவரின் 300 மில்லிமீற்றர் எஃப்/4 பிஎஃப் லென்ஸை இரவல் வாங்கினேன். அதன் எடை 755 கிராம், மூன்றிலொரு பங்கு. டி500இன் சிறிய உணரியில் அது 450 மில்லிமீற்றருக்குச் சமமான கோணத்தைத் தருகிறது. படகு சரியான இடத்தில் நிற்கும்போது அது போதும், சில வேளை அதிகமாகவும் இருந்தது. அலை தூக்கி இறக்கும் படகில், கண்ணில் பட்ட பறவையை லென்ஸுக்குள் பிடிப்பதுதான் கடினமான பகுதி. எடை குறைந்த, கோணம் சற்று அகன்ற லென்ஸில் அது இரண்டு மடங்கு இலகு. 500 மில்லிமீற்றரில் நான் வெறும் வானத்தை நிறையப் படமெடுத்திருக்கிறேன்.

குறுக்குப்பலகையில் இருந்து எடுப்பதைவிட, அணியத்துப் பக்கம் வலைக்குவியலின்மேல் இருந்து, முழங்கால் இரண்டையும் மடித்து, இடுப்புக்கு மேலே உடலைத் தளரவிட்டு எடுப்பது நல்லது. படகு சரியும்போது இடுப்பு சரியும், தோள் நேராக நிற்கும். கண்மட்டம் தண்ணீருக்கு ஒரு மீற்றர் உயரத்துக்கு வந்துவிடுவதால், தாழப் பறக்கும் பறவைக்குப் பின்னால் அலைமுதுகும் தொடுவானமும் வந்து விழும். வெளிச்ச அளவை முழுக்கக் கையால்தான் வைத்தேன். வெள்ளைப் பறவை, கருநீலத் தண்ணீர், பால் நிற வானம் மூன்றும் ஒரு நொடிக்குள் மாறி மாறிப் பின்னால் வரும்போது தானியங்கி அளவீடு ஒவ்வொரு முறையும் மனம் மாறிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு மேல் வெள்ளை எரிந்துபோகும், வானத்துக்கு எதிரில் பறவை கறுத்துவிடும். காலை ஏழு மணியளவில் ஷட்டர் 1/2500, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கி, ஒரு கடற்காகத்தின் நெஞ்சைப் பெரிதாக்கிப் பார்த்து, இறகு வரிகள் தெரிகின்றனவா என்று உறுதிசெய்துகொண்டு, வெயில் ஏற ஏற ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டே போனேன். எட்டே முக்காலுக்கு நான் கமராவைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எடுப்பவை கணக்குக்குத்தான்.

உப்புத் தண்ணீர் தெறிக்காமல் இருக்காது. அண்ணை தமது ரெஜிபோம் ஐஸ் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, கமரா வைப்பதற்கென்று தந்தார். மணம் முற்றாகப் போகவில்லை, ஆனால் மூடி இறுக்கமாக இருந்தது. கடலில் வைத்து லென்ஸ் மாற்றாதீர்கள். திரும்பி வந்ததும் உலர்ந்த துணியால் துடைக்கவும் வேண்டாம், காய்ந்த உப்பு மணிகள் கண்ணாடியில் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்து முறுக்கிப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுத்து, பிறகுதான் துடைக்கவேண்டும்.

இனிக் குறைகள். முதலாவது, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது, உயிர்காப்பு அங்கி. படகில் நால்வர் இருந்தோம், அங்கிகள் இரண்டுதான் இருந்தன. அவற்றிலும் ஒன்றின் வார் உக்கிப்போய், கொளுவி பூட்டாமல் இருந்தது. கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம், வவுனியாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற எங்களில் பலருக்கு நீச்சலே தெரியாது. கழுத்தில் கமராவும் கண்ணில் பறவையுமாக, கால் எங்கே வைக்கிறோம் என்று பாராமல் நிற்பவனுக்குத்தான் அது மிகவும் தேவை. காசு வாங்கி ஆள் ஏற்றுகிற படகில் ஆளுக்கொன்று இருந்தாக வேண்டும் என்று அவரிடம் நேரே சொன்னேன். மூன்றாம் பயணத்தில் மூன்று இருந்தன.

இரண்டாவது குறை அவருடையதல்ல, இடத்தினுடையது. காலை வெளிச்சத்துக்காகக் கடலிலிருந்து கரையை நோக்கித்தான் லென்ஸைப் பிடிக்கவேண்டும் என்று மேலே எழுதினேன். இந்தக் கரையின் சில பகுதிகளில் கடற்படை முகாம்கள் இருக்கின்றன. பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படமெடுப்பவருக்குத் தெரியாது, கரையில் நிற்பவருக்கு லென்ஸ் மட்டும்தான் தெரியும். அண்ணை அந்தப் பகுதிகளை விட்டு விலகியே படகை மிதக்கவிட்டார். ஓரிடத்தில் நல்ல ஆலாக் கூட்டம் ஒன்று இருந்தும், "இதில வேண்டாம் தம்பி, கமராவைக் கீழ வையுங்கோ" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அவர் சொன்னது சரி. அடையாள அட்டையை ஈரம் படாத பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

மற்றவை சிறியன. நிழல் இல்லை. படகில் தண்ணீர்ப் போத்தல் வைக்கமாட்டார்கள், நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பலகைகளில் மீன்நெய் ஊறியிருப்பதால் வழுக்கும், உடுப்பில் ஒட்டினால் இரண்டு தோய்ப்புக்குப் போகாது. பெண்கள் வருவதானால் நான்கு மணித்தியாலப் பயணத்தில் கழிப்பறை வசதி கிடையாது என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும்; என்னோடு மூன்றாம் பயணத்தில் வந்த ஆசிரியை ஒருவர், இதை யாராவது முதலே சொல்லியிருக்கலாம் என்றார், அதனால் இங்கே சொல்கிறேன்.

நேரே பேசியபோது நான்கு மணித்தியாலத்துக்கு அவர் கேட்டது 14,000 ரூபா, எரிபொருள் உட்பட. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏழாயிரம். வெளியே தூரமாகப் போன நாளில் எரிபொருளுக்கு மட்டும் மேலதிகமாக வாங்கினார், அதையும் போகுமுன்னரே சொல்லிவிட்டுத்தான் வாங்கினார். பேரம் பேசுகிற விலை இதுவல்ல. தமது ஓய்வு நாளை விட்டு வருகிறார்.

நாள் குறிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நிலவு வெளிச்சத்தில் வலைக்கு மீன் படுவது குறைவு என்பதால், பறுவத்தை அண்டிய மூன்று நான்கு நாட்கள் அவர் பெரும்பாலும் தொழிலுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து அந்த நாட்களில் கேட்டால் மறுக்கமாட்டார். வருகிற மாசிப் பறுவத்துக்கு அடுத்த நாளை நான் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். இம்முறை வவுனியாவில் இரண்டு உயிர்காப்பு அங்கிகள் வாங்கிக்கொண்டு போகிறேன். ஒன்று எனக்கு, மற்றது அணியத்தில் நிற்கும் அந்தப் பெடியனுக்கு.